சொன்னவர் தோற்ற கதைகள்

புகழ்பெற்றவர்களைப் பற்றிக் கேட்டதிலும் படித்ததிலும் இன்றுவரை மனத்தைவிட்டு நீங்காத நிகழ்ச்சி எது என்பது கேள்வி. ஒன்றைச் சொல்லிவிட்டு நகர எனக்கு வராது. நாலைந்து சொல்கிறேன். அதற்கு முன் எனக்கென்று ஒரு சல்லடை இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐன்ஸ்டைனின் கார் ஓட்டுநர் கதை உங்களுக்கும் வந்திருக்கும். ஒரே சொற்பொழிவைப் பல ஊர்களில் கேட்டுக் கேட்டு ஓட்டுநருக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் அவரே மேடையேறிப் பேசினார். கூட்டத்திலிருந்து கடினமான கேள்வி ஒன்று வந்ததும், "இவ்வளவு எளிய கேள்விக்கு என் ஓட்டுநரே பதில் சொல்வார்" என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஐன்ஸ்டைனைக் கைகாட்டிவிட்டார். சுவையான கதைதான். ஆனால் கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே யூதர்கள் இதை ஒரு மதகுருவுக்கும் அவருடைய குதிரைவண்டிக்காரருக்கும் நடந்ததாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வண்டிக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், மதகுரு விஞ்ஞானியானார். பெயரை மாற்றினாலும் கதை அப்படியே நிற்கிறது என்றால் அது அந்த மனிதரைப் பற்றிய கதை இல்லை.

அதனால் ஒரு கதையைக் கேட்டால் இரண்டு விஷயம் பார்ப்பேன். முதலில் இதைச் சொன்னது யார், அவர் அந்த இடத்தில் இருந்தாரா? அடுத்து, சொன்னவர் அந்தக் கதையில் ஜெயித்தாரா, தோற்றாரா? தன் மூக்கு உடைந்ததை ஒருவர் தானே எழுதிவைத்தால் அதை நம்புவதற்கு எனக்குத் தயக்கம் இருப்பதில்லை. மறப்பதும் கடினமாகிவிடுகிறது.

தமிழில் இதற்கு முதல் உதாரணம் உ.வே.சாமிநாதையர். 1880 அக்டோபர் 21, கும்பகோணம். அந்த ஆண்டுதான் அங்குள்ள அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்திருந்தது. வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமிதம் நிறைய. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்கிறார் முதலியார். பிள்ளையவர்கள் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மலரும் என்று நினைத்தால், ஒரு சலனமும் இல்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அதனால் என்ன பிரயோசனம் என்று ஒரே வீச்சில் வெட்டிவிடுகிறார் முதலியார். இங்கிலீஷ் படித்தவர், அந்த மோகத்தில் பேசுகிறார் போலிருக்கிறது என்று இவர் மனத்துக்குள் சமாதானம் செய்துகொள்கிறார். புராணங்களைச் சொல்கிறார், நைடதத்தைச் சொல்கிறார், கம்பராமாயணத்தைச் சொல்கிறார். எதற்கும் அந்த மனிதர் அசையவில்லை. கடைசியில், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது. இவருடைய ஆசிரியரும் அவற்றைப் படித்ததில்லை.

முதலியார் சிந்தாமணியின் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்ததும், இவர் அதை வாங்கிப் போய்த் திணறியதும், அதே ஊரில் இருந்த சமணர்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டதும், 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியதும் பாடப்புத்தகத்தில் உள்ள கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இதையெல்லாம் அவர் எழுதியது அறுபது ஆண்டுகள் கழித்து, 85 வயதை எட்டிய பிறகு, ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடராக வந்தபோது. அப்போது அவர் மகாமகோபாத்தியாயர், நாடே தமிழ்த் தாத்தா என்று கொண்டாடும் மனிதர். அந்தச் சந்திப்பை இரண்டே வரியில் கௌரவமாகக் கடந்து போயிருக்கலாம். முதலியாரும் உயிரோடு இல்லை, மறுத்துப் பேச ஆளில்லை. ஆனாலும் தான் பெருமையோடு அடுக்கிய நூல்களின் பட்டியலையும், அதற்குக் கிடைத்த அலட்சியத்தையும், முதலியாரைப் பற்றித் தான் தப்பாக நினைத்ததையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார்.

அவர் கும்பகோணம் கல்லூரியை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனது 1903இல். அடுத்த ஆண்டு அதே கும்பகோணம் கல்லூரியில் வந்து சேர்ந்த பையன் சீனிவாச இராமானுஜன். இருவரும் ஒரே வராந்தாவில் நடந்திருக்க வேண்டியது, ஓராண்டில் தவறிப்போயிற்று. ஊர் மாறாமலே அடுத்த கதைக்கு வந்துவிட்டேன்.

இராமானுஜன் என்றால் எல்லோரும் 1729 என்பார்கள். அதற்கு வருகிறேன். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கட்டில்.

1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவருக்கு அது முதல் குளிர்காலம். கேம்பிரிட்ஜில் அவருடைய நண்பராகிவிட்ட வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஒருநாள் பேச்சுவாக்கில், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரிக்கிறார். தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன், அப்படியும் நடுங்குகிறது என்கிறார் இராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்க்கிறார். கம்பளிகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துணி விரிப்பைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க் கட்டிலை அப்படித்தான் தயார் செய்வார்கள். தலைமாட்டில் கம்பளியை உருவிவிட்டு உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும். இராமானுஜனுக்கு அது தெரியவில்லை. கம்பளிகளின் மேல் படுத்து, அந்த மெல்லிய துணி விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு உறங்கியிருக்கிறார். எப்படி நுழைவது என்று மகலனோபிஸ் செய்து காட்டினார். இராமானுஜன் நெகிழ்ந்துபோனார் என்றும், பிறகு தன்மேல் அவ்வளவு அன்பு காட்டியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றும் மகலனோபிஸே நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. முதல்முறை தில்லிக்கு டிசம்பரில் அலுவலக வேலையாகப் போய் ஒரு விடுதியில் தங்கியபோது நானும் அப்படித்தான் படுத்தேன். மடித்துச் செருகியிருப்பதைக் கலைத்தால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயம் வேறு. கொண்டுபோன வேட்டியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தேன். பாய், தலையணை, போர்வை என்று மூன்றையும் தனித்தனியாக எடுத்து, தனித்தனியாகச் சுருட்டி வைக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு, போர்வையைப் படுக்கையோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள் என்று எப்படித் தோன்றும்? யாரிடமாவது கேட்டிருக்கலாம்தான். கேட்கத் தோன்றாதது பாதி, கேட்கக் கூச்சம் பாதி.

அதே மகலனோபிஸ் சொன்ன இன்னொரு கதையில் மூக்கு உடைபடுவது அவருக்கு. ஸ்ட்ராண்ட் என்ற மாதப் பத்திரிகை. முதல் உலகப் போர் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்த நேரம். ஆகஸ்டில் ஜெர்மன் படைகள் கொளுத்திய பெல்ஜிய நகரம் லூவேனை வைத்து அதில் ஒரு புதிர் போட்டிருந்தார்கள். ஒரு நீண்ட தெரு, ஒரே பக்கத்தில் வீடுகள், 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். அதில் ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் வலப்பக்கம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகைதான். தெருவில் வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ். அந்த வீட்டின் எண் என்ன?

மகலனோபிஸ் சில நிமிடங்களில் போட்டுப் பார்த்து விடையைப் பிடித்துவிட்டார். அந்தத் தெம்பில் இராமானுஜனிடம், "உங்களுக்கு ஒரு கணக்கு" என்கிறார். இராமானுஜன் அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள் என்றவர் கிளறுவதை நிறுத்தவில்லை. இவர் படித்து முடித்ததும், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் ஒன்றை, சொல்லத் தொடங்குகிறார்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் எட்டு வீடு இருந்தால் விடை ஆறாவது வீடு: ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் 15. நாற்பத்தொன்பது வீடு என்றால் முப்பத்தைந்தாவது: இரண்டு பக்கமும் 595. பத்திரிகை கேட்ட விடை 288 வீடுள்ள தெருவில் 204ஆவது வீடு: இரண்டு பக்கமும் 20,706. அதற்கும் அடுத்தது 1,681 வீடு, 1,189ஆவது. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும், முடிவே இல்லை. மகலனோபிஸ் ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். இராமானுஜன் கரண்டியும் கையுமாக, இருக்கக்கூடிய தெருக்கள் அத்தனைக்கும் சேர்த்து விடை சொன்னார். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, கணக்கைக் கேட்டவுடன் விடை ஒரு தொடர் பின்னம் என்று தெரிந்துவிட்டது, எந்தத் தொடர் பின்னம் என்று கேட்டுக்கொண்டேன், வந்துவிட்டது என்றாராம். இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மனிதர், தன் கெட்டிக்காரத்தனம் ஓர் அடுப்பங்கரையில் சுண்டிப்போனதை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார் என்றால் நான் நம்புகிறேன்.

அந்த அடுப்பைச் சுற்றி இன்னொரு கதை உண்டு. இன்னொரு இந்திய நண்பரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், அந்தப் பெண்ணின் தோழியையும் இராமானுஜன் ஒருநாள் விருந்துக்கு அழைத்தார். முதலில் பரிமாறியதை அந்த நண்பர் சூப் என்கிறார். நமக்குத் தெரியும், ரசம். எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். மறுபடி ஊற்றினார், சாப்பிட்டார்கள். மூன்றாம் முறை கேட்டபோது பெண்கள் இருவரும் போதும் என்றார்கள். பேச்சு தொடர்ந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் விருந்துக்கு அழைத்தவரைக் காணவில்லை. காத்திருந்து அலுத்துக் கீழே போய் விசாரித்தால், டாக்சி வரவழைத்துப் புறப்பட்டுவிட்டார் என்கிறார் வாயிற்காவலர். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, பணம் அனுப்பு என்று தந்தி வருகிறது. திரும்பி வந்தவர் சொன்ன காரணம்: நான் பரிமாறியதை வேண்டாம் என்றுவிட்டார்கள், அது மனத்தைச் சுட்டது. நம் வீட்டுப் பந்தியில் 'இன்னும் கொஞ்சம்' என்பதற்கும் 'போதும்' என்பதற்கும் நடுவே எவ்வளவு நாடகம் நடக்கும் என்று அறிந்தவர்களுக்கு இது வினோதமாகவே தோன்றாது. டாக்சி பிடித்து ஊரைவிட்டே போனது மட்டும் கொஞ்சம் அதிகம்.

இப்போது 1729. லண்டனுக்குப் பக்கத்தில் பட்னியில் உடல்நலம் குன்றிப் படுத்திருந்த இராமானுஜனைப் பார்க்க, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி போகிறார். வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண்ணாகத் தெரிகிறது, அபசகுனமாக இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறார். இல்லை, மிகவும் சுவாரசியமான எண், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் இதுதான் மிகச் சிறியது என்று படுக்கையிலிருந்து பதில் வருகிறது. 12இன் கனத்தோடு 1இன் கனம், அல்லது 10இன் கனத்தோடு 9இன் கனம். கதை எல்லா மேடைகளிலும் இங்கே முடிந்து கைதட்டல் விழுந்துவிடும். ஹார்டி எழுதியது இங்கே முடியவில்லை. கனத்துக்குப் பதில் நான்காம் அடுக்கு என்றால் விடை என்ன என்று அவர் உடனே கேட்கிறார். இராமானுஜன் ஒரு கணம் யோசித்துவிட்டு, சட்டென்று எதுவும் தென்படவில்லை, அப்படி ஓர் எண் இருந்தால் மிகப் பெரியதாக இருக்கும் என்கிறார். சரியான ஊகம்: அந்த எண் 63,53,18,657. தெரியாது என்று ஒப்புக்கொண்ட இந்தப் பாதியை நாம் ஏன் வெட்டிவிடுகிறோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது எனக்குக் கண்ணில் படுகிறது. முதல் பாதியில் இருப்பது ஒரு சித்தர் மட்டும்தான். இன்னொன்று, 1729 அந்தப் படுக்கையில் திடீரென்று உதித்ததும் இல்லை. 9, 10, 12 ஆகிய மூன்றின் கனங்களுக்கு இடையே உள்ள அந்த உறவு அவருடைய கையெழுத்துத் தாள்களிலேயே இருக்கிறது. வேறொரு பெரிய விஷயத்தைத் துரத்திக்கொண்டு போன வழியில் பழகிய எண் அது.

ஒவ்வொரு முழு எண்ணும் இராமானுஜனுக்கு நெருங்கிய நண்பர் என்று ஹார்டியின் சகா லிட்டில்வுட் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. அதைப் பற்றி லிட்டில்வுட்டே சொன்னது அதைவிட அழகு. ஹார்டி எழுதியதன் அச்சுப்படியைத் திருத்தும்போது, "யாரோ சொன்னதுபோல்" என்ற தொடக்கத்தோடு அந்த வரியைப் பார்த்தாராம். நன்றாக இருக்கிறதே, நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாராம். அடுத்த அச்சுப்படியில் பார்த்தால், சொன்னது லிட்டில்வுட் என்று இருந்ததாம்! வாட்ஸ்அப் பொன்மொழிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கடைசியாக ஒருவர், வான்இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1920 ஏப்ரலில், இராமானுஜன் என்ற பெரிய கணித மேதை நேற்று இறந்துவிட்டாராம் என்று பத்திரிகையைப் பார்த்து அம்மா சொன்னது காலமெல்லாம் நினைவில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். இவரும் பின்னர் கேம்பிரிட்ஜில் இராமானுஜன் இருந்த அதே டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். 1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் வெண்குறுமீன் என்ற சிறிய, அடர்ந்த விண்மீனாக அடங்கி நிற்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும் என்று அந்த 24 வயது இளைஞர் கணக்கோடு நிறுவிப் பேசப் போகிறார். அன்றைய வானியலின் பெரும்புள்ளி எடிங்டன் அதற்கு முந்தைய மாதங்களில் இவர் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர். பேச உங்களுக்குக் கூடுதல் நேரம் வாங்கியிருக்கிறேன் என்று வேறு சொல்லியிருந்தார். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் அதே பொருளில் எடிங்டனும் பேசப் போகிறார். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டால், அது உங்களுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்கிறார். இளைஞர் பேசி அமர்ந்தார். எடிங்டன் எழுந்தார். ஒரு விண்மீன் இப்படிக் கோணங்கித்தனமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். அவையே சிரித்தது. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து, ஐயோ பாவம் என்று துக்கம் விசாரிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த எல்லைக்கு இன்று சந்திரசேகர் எல்லை என்று பெயர், நோபல் பரிசு வந்தது 1983இல். ஆனால் பரிசுக்கு முந்தைய ஆண்டு, எடிங்டன் நூற்றாண்டுக்காக டிரினிட்டியில் உரையாற்ற அழைத்தபோது, சந்திரசேகர் அந்த மனிதரை அவர் காலத்தின் தலைசிறந்த வான்இயற்பியலாளர் என்று சொல்லித்தான் பேசினார். அதே உரைகளில் சண்டையையும் மறைக்கவில்லை. என்னால் முடிந்திருக்காது.

சந்திரசேகர் 1936இல் திருமணத்துக்காக இந்தியா வந்தபோது ஹார்டி ஒரு வேலை கொடுத்திருந்தார்: இராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்றுகூட இல்லை, எங்காவது கிடைக்கிறதா பாருங்கள். விசாரித்து அலைந்து இராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டு நிலைமை நன்றாக இல்லை. படம் என்று தனியாக எதுவும் இல்லை. தேடியதில் பழைய பாஸ்போர்ட் கிடைத்தது, 1919இல் ஊர் திரும்புவதற்காக எடுத்தது. பதினேழு ஆண்டு கழித்தும் அதிலிருந்த படம் மங்காமல் இருந்தது. நகல் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். நோயாளியாகத் தெரிகிறார், ஆனால் மேதை என்பது முகமெல்லாம் எழுதியிருக்கிறது என்றார் ஹார்டி. பள்ளிக்கூடச் சுவர்களில் கோட்டும் டையுமாக நாம் பார்த்து வளர்ந்த அந்த இராமானுஜன், குடிநுழைவு அதிகாரியிடம் காட்டுவதற்காக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம்தான்.

ஜானகி அம்மாள் பிற்பாடு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். என் கணவருக்குச் சிலை வைப்பதாக எப்போதோ சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று 1980களின் தொடக்கத்தில் ஒரு பேட்டியில் கேட்டார். அமெரிக்காவில் இருந்த கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கியின் கண்ணில் அது பட்டது. உலகமெங்கும் கணிதக்காரர்களிடம் பணம் திரட்டினார். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி, அந்தப் பாஸ்போர்ட் படம் ஒன்றை வைத்துக்கொண்டு வெண்கலத்தில் மார்பளவுச் சிலைகள் செய்தார். அதில் ஒன்று திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்தபோது ஜானகி அம்மாளுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.